துப்பாக்கி வேண்டாம் மாப்ள

தலைப்பைப் பார்த்துப் பயந்துடாதீங்க. என்கிட்ட துப்பாக்கி எதுவும் கிடையாது. ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை ஓரமா கல்வராயன் மலை ஏறுகிற அடிவாரத்தில் கொல்லை வைத்திருக்கிற எவனைக் கேட்டாலும் சரி, வாழ்க்கையில் ஒரு ராத்திரியாவது "கையில ஒரு துப்பாக்கி இருந்தா..." என்று பல்லைக் கடித்திருப்பான். காரணம் காட்டுப் பன்னி.

பட்டணத்தில் இருக்கிறவங்களுக்குப் பன்னி பண்ற சேதம் புரியணும்னா இப்படிச் சொல்றேன். மாடு மேஞ்சா தழை போகும், திரும்பத் துளுக்கும். பன்னி மேயாது, உழும். மரவள்ளியை மூணடிக்கு மூணடி வைப்போம். ஏக்கருக்கு 4,800 செடி சொச்சம் வரும். ஆறாம் மாசம் கிழங்கு பிடிச்சு மண்ணு வெடிக்கிற நேரம் பார்த்து வரும். மூக்கை மண்ணுக்குள்ள விட்டு ஒரு நெம்பு. செடி சாய்ஞ்சிடும். அந்தக் கிழங்கையாவது முழுசாத் தின்னுட்டுப் போகுமான்னா அதுவும் இல்லை. ரெண்டு கடி கடிச்சுட்டு அடுத்த செடிக்குப் போயிடும். போன ஆடியில் ஒரே ராத்திரியில் எனக்கு நூத்திப்பத்து செடி போச்சு. காலையில் போய் ஒவ்வொண்ணா எண்ணினேன். எண்ணி என்ன ஆகப்போகுதுன்னு தெரிஞ்சும் எண்ணினேன்.

பன்னிக்குக் கண்ணு மந்தம், மூக்கு ரொம்பக் கூர்மை. அதனால் ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். சலூன் கடையில் முடி வாங்கி வந்து வரப்போரம் தூவுவாங்க. மண்ணெண்ணெய்த் துணி கட்டுவாங்க. அழுகின முட்டையைக் கரைச்சுத் தெளிப்பாங்க. பஸ்ஸில் போகும்போது வயலைச் சுத்தி கலர் கலராப் பழைய சேலை கட்டியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அது திருஷ்டிக்கு இல்லைங்க, பன்னிக்குத்தான். என் வீட்டுக்காரி சேலை ஏழு அந்த வேலியில் கிழிஞ்சது. முதல் ஒரு வாரம் பன்னி ஒதுங்கிப் போகும். அப்புறம் சேலைக்கு அடியில் குனிஞ்சு வந்துடும்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா மகன் வந்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிச்சவன். சின்னசேலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. 23 வயசு. கைவேலை சுத்தமா இருக்கும். என் மோட்டாருக்கு அவன் கடைஞ்சு கொடுத்த புஷ் நாலு வருஷமா ஓடுது. செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் ஒருத்தன் மேசை மேல் பாகம் பாகமாப் பரப்பி வெச்சு, குறைஞ்ச செலவில் முதல் ரைபிளை வீட்டிலேயே பூட்டுவது எப்படின்னு பாடம் நடத்துறான். எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக்கூடாது என்று நம்மூரில் பம்புசெட் மாட்டுகிற ஆள் பேசுகிற மாதிரியே பேசுறான். மொழி எனக்குப் பாதிதான் புரிஞ்சது. ஆனால் அந்த ஆளின் சந்தோஷம் புரிஞ்சது.

"மாமா, பதினஞ்சாயிரம் இருந்தாப் போதும். பட்டறையிலேயே முடிச்சுடலாம். சுடக்கூட வேணாம், சத்தம் போட்டாப் போதும்" என்றான். ஒரு நோட்டில் பட்டியல் வேற எழுதி வைத்திருந்தான். குழல், விசை, கட்டை என்று ஒவ்வொண்ணுக்கும் எதிரில் விலை.

நான் கத்தவில்லை. அந்த வயசில் கத்தினா மறைச்சுச் செய்வாங்க. "ஒரு வாரம் பொறு மாப்ள, விசாரிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே விசாரிச்சேன். விசாரிச்சது பூராவும் இங்கே எழுதுறேன், இன்னொரு வீட்டுப் பையனுக்கும் ஆகும்.

மொதல்ல அந்த வீடியோ சங்கதி. அமெரிக்காவில் மத்திய சட்டப்படி ரைபிளில் வரிசை எண் போட்ட ஒரு பாகத்தை மட்டும்தான் துப்பாக்கின்னு கணக்கு வெச்சிருக்காங்க. குழல், கட்டை எல்லாம் டிராக்டர் ஸ்பேர் மாதிரிதான், தபாலிலேயே வீட்டுக்கு வரும். நம்ம நாட்டுக் கதையே வேற. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்கிற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கிற இடத்திலேயே, ஆயுதத்தின் பாகங்களும் அதைச் செய்கிற எந்திரமும் ஆயுதம்தான்னு எழுதியிருக்கு. அதாவது குழலை மட்டும் கடைஞ்சு மூலையில் சாத்தி வெச்சாலும் கேஸ்தான். லைசென்ஸ் இல்லாமல் செய்கிறதுக்கு 2019-இல் தண்டனையைக் கூட்டிட்டாங்க. குறைஞ்சது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். வெறுமனே வைத்திருந்தாலே ரெண்டிலிருந்து அஞ்சு வருஷம். இதை ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்குப் படிச்சுக் காட்டினப்போ ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். என் கொல்லையில் மரவள்ளிக்கு வயசு பத்து மாசம். அதைக் காப்பாத்த ஏழு வருஷம் உள்ளே இருக்கிற கணக்கு எந்த ஊர்க் கணக்கோ.

"மலையில எல்லார்கிட்டயும் இருக்கே மாமா" என்றான். இருந்தது, உண்மைதான். இப்பவும் அங்கங்கே இருக்கு. கல்வராயன், ஜவ்வாது, பச்சமலை, கொல்லிமலை என்று எங்கள் பக்கத்து மலைகளில் இருக்கிற மலையாளிகளுக்கு நாட்டுத் துப்பாக்கி பழைய பழக்கம். (மலையாளிகள்னா கேரளாக்காரங்க இல்லைங்க. மலையை ஆண்டு வாழ்றவங்க. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூணு பேர் மலையேறி வந்த வழிதான் நாங்கன்னு அவங்களே கதை சொல்லுவாங்க.) சாமை, வரகு, தினை விதைச்ச காலத்தில் பரண் போட்டு ராத்திரி பூரா காவல் காப்பாங்க. வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நீளத் துப்பாக்கி. ஒரு தடவை வெடிச்சா மறுபடி கெட்டிக்க நேரம் ஆகும். அதுக்குள்ள பன்னி ஏற்காட்டுக்கே போயிடும்.

வெள்ளிமலைப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கார். கடுக்காய், தேன் வாங்கப் போய்ப் பழக்கம். வலது கையில் கட்டை விரலும் அடுத்த விரலும் இல்லை. பல வருஷமா அவரைப் பார்க்கிறேன், காரணம் கேட்டதில்லை. மருமகனை வண்டியில் உட்கார வெச்சு மலைக்குக் கூட்டிப் போனேன். பெரியவர் சுக்குக் காப்பி கொடுத்துட்டு அவராகவே சொன்னார். அவர் அப்பா காலத்துத் துப்பாக்கி. ஒரு மழைக்கால ராத்திரி, குழல் பிளந்துடுச்சு. "பன்னி பொழைச்சுது, நான்தான் மாட்டினேன்" என்று சிரிச்சார். அப்புறம் போலீஸ்காரங்க மலையில் தண்டோரா போட்டு, இன்ன தேதிக்குள்ள கொண்டாந்து ஒப்படைச்சா கேஸ் இல்லைன்னு சொன்ன ஒரு வருஷம், மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டாராம். பையன் அந்தக் கையையே பார்த்துக்கிட்டு இருந்தான். அவன் கைவேலைக்காரன் இல்லையா, விரல் இல்லாத கை அவனுக்கு நம்மைவிட அதிகமாப் புரியும்.

திரும்பி வர்ற வழியில் அவன்தான் கேட்டான், நல்ல குழல் எது, பிளக்கிற குழல் எதுன்னு பார்த்தாத் தெரியாதா என்று. பார்த்தாத் தெரியாது என்பதுதான் விஷயமே. முறையாச் செய்கிற இடத்தில் எல்லாம் குழலை நல்லா வலுவான மருந்து வெச்சு, ஆள் தள்ளி நின்னு வெடிச்சுச் சோதிச்சு, தாங்கினா முத்திரை குத்துவாங்க. இங்கிலாந்தில் பர்மிங்காமில் இந்தச் சோதனைக்கென்றே 1813-இல் சட்டம் போட்டு ஒரு சாலை வெச்சாங்க. பீகாரில் முங்கேர் என்று ஒரு ஊர். 1760-களில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாத்தி ஆயுதப் பட்டறை வெச்சார். இன்னிக்கும் லைசென்ஸ் வாங்கின கம்பெனிகள் அங்கே துப்பாக்கி செய்யுது. திருட்டுத் துப்பாக்கிக்குப் பேர் போனதும் அதே ஊர்தான். ஒரே ஊர், ஒரே கைத்திறமை. ஒருத்தன் செய்தது சோதனைக்குப் போய் முத்திரை வாங்கும், இன்னொருத்தன் செய்ததை முதல்முறை சோதிக்கிறது அதை வாங்கினவன் மூஞ்சி. சின்னசேலத்து லேத்தில் அந்தச் சோதனைக்கு எங்கே போறது?

லைசென்ஸ் வாங்கலாமே என்று நீங்க கேட்பீங்க. வாங்கலாம். அதே 1959 சட்டத்தில், பயிர்க் காவலுக்கு வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம்னு எழுதியிருக்கு. எங்க ஊரில் ஒருத்தர் வீட்டில் அப்படி ஒண்ணு ரொம்பக் காலம் இருந்தது. எனக்கு ஞாபகம் என்னன்னா, அவர் பன்னி சுட்டதே இல்லை. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் அதைச் சாக்கில் சுத்தி சைக்கிளில் கட்டி ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போவார், எலெக்‌ஷன் முடிஞ்சதும் போய் வாங்கி வருவார். பஞ்சாயத்து எலெக்‌ஷன், சட்டமன்றம், பார்லிமெண்ட் என்று அந்தத் துப்பாக்கி கொல்லையில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம். கர்நாடகாவில் குடகுக்காரங்களுக்கு மட்டும் 1861-லிருந்து லைசென்ஸே வேண்டாம்னு விலக்கு இருக்கு. நம்ம பக்கம் அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, லைசென்ஸும் கிடைச்சுது, துப்பாக்கியும் வாங்கியாச்சுன்னே வெச்சுக்குங்க. பன்னியைச் சுட முடியுமா? முடியாது. அது 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கு. அதுக்குத் தனியா வனத்துறை அனுமதி வேணும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு சொல்லிச்சு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ள வந்தா சுடக்கூடாது. 1-லிருந்து 3 கிலோமீட்டருக்குள்ள வந்தா பிடிச்சுக் காட்டில் விடணும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தா வனத்துறைக்காரங்களே சுடலாம். என் கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை, ரெண்டு கரும்புக் கொல்லை. முக்கால் கிலோமீட்டர்கூட வராது. ஆக எனக்கு ஒண்ணும் கிடையாது. குறை சொல்லவில்லை, இருக்கிற நிலைமை இது.

அப்போ பயிர்? அதுதானே கேள்வி. பையன் நோட்டில் இருந்த பட்டியலைக் கிழிச்சுப் போடச் சொல்லிட்டு, அடுத்த பக்கத்தில் வேற பட்டியல் எழுதினோம். சோலார் வேலி.

இங்கே ஒண்ணு அழுத்திச் சொல்லணும். வேலியில் கரண்ட்டுன்னதும் சில பேர் ராத்திரி லைனில் கொக்கி போட்டு நேரா 230 வோல்ட்டைக் கம்பியில் விடுறாங்க. அது கொலை. அதில் செத்தவங்களில் பன்னியைவிட, தண்ணி பாய்ச்சப் போன பக்கத்துக் கொல்லைக்காரனும் வரப்பில் நடந்த பிள்ளையும்தான் மனசை அறுக்கும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் இப்படி விட்ட கம்பியில் மூணு யானை செத்துது. குட்டி ரெண்டு தாயைச் சுத்திச் சுத்தி வந்ததை டிவியில் பார்த்திருப்பீங்க. சோலார் வேலி அது இல்லை. அதில் இருக்கிற எனர்ஜைசர் என்கிற பெட்டி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்து, செகண்டுக்கு ஒரு தடவை, கண்ணிமைக்கிறதில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்கும் குறைவா ஒரு துடிப்பை மட்டும் கம்பியில் அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் நேரம் இல்லாததால் உயிரை எடுக்காது. சுள்ளுன்னு ஒரு அடி. நான் தொட்டுப் பார்த்தேன். தோள் வரைக்கும் தூக்கிப் போட்டுச்சு, ரெண்டு கெட்ட வார்த்தை வந்துச்சு, அவ்வளவுதான்.

எங்களது ஒன்றரை ஏக்கர், சுத்தளவு 320 மீட்டர். எங்கே காசைப் பிடிக்கணும், எங்கே பிடிக்கக்கூடாதுன்னு அந்த வீடியோக்காரன் சொன்ன புத்தி இங்கே உதவிச்சு. எனர்ஜைசரில் பிடிக்கக்கூடாது. ஆன்லைனில் மூவாயிரத்துக்கும் வருது. ஆனால் ஐ.எஸ். 302-2-76 என்கிற முத்திரை இருக்கணும், அதுதான் அந்தத் துடிப்பு உயிரை எடுக்காத அளவில் இருக்கும்னு உத்தரவாதம். 8,500 கொடுத்தோம். பேட்டரி 3,400, 40 வாட் பேனல் 2,200. கம்பி 14 கேஜ் ஜி.ஐ., மூணு வரிசைக்கு 25 கிலோ, 2,500. கல்கால் எல்லா இடத்துக்கும் போட்டா கட்டுப்படி ஆகாது. மூலைக்கும் வளைவுக்கும் எட்டு கல், 2,800. நடுவில் அஞ்சு மீட்டருக்கு ஒண்ணா 56 சவுக்குக் கம்பு, 3,400-க்குப் பக்கம். கம்பி கம்பத்தில் படாமல் இருக்க இன்சுலேட்டர் 1,600. இதில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி மிச்சம் பிடிக்கிறவங்க இருக்காங்க. வெயிலில் டியூப் வெடிச்சு, மழையில் கரண்ட்டு பூரா கம்பு வழியா மண்ணுக்குப் போயிடும். வேணாம். எர்த் கம்பி மூணு, 900. கூட்டிப் பாருங்க, 25,000 ரூபாய்ச் சொச்சம். துப்பாக்கிப் பட்டியலைவிடப் பத்தாயிரம் கூட. கூலி இல்லை, நாங்களே குழி எடுத்தோம். அஞ்சு ராத்திரி காவலுக்குப் போகாமல் தூங்கினதை இதில் கழிச்சுக்கலாம்.

பையனின் ஃபிட்டர் புத்தி எர்த்தில்தான் தெரிஞ்சது. பன்னி கம்பியைத் தொட்டா கரண்ட்டு அதன் உடம்பு வழியா மண்ணுக்குள்ள இறங்கி, எர்த் கம்பி வழியாப் பெட்டிக்குத் திரும்பணும். எங்க மண்ணு செஞ்சரளை, சித்திரை வைகாசியில் ஓடு மாதிரி காஞ்சிடும். காஞ்ச மண்ணில் கரண்ட்டு திரும்பாது, வேலி சும்மா அலங்காரம். அதனால் மோட்டார் தொட்டி கசிகிற ஈர இடமாப் பார்த்துப் பத்தடிக்கு ஒண்ணா மூணு கம்பியும் ஆழமா அடிச்சு, சுத்தி உப்பும் கரியும் போட்டான். கீழ்க் கம்பியை முழங்காலுக்குப் போடாதீங்க, பன்னிக்கு அது வாசப்படி. ஒரு ஜாணுக்கு மேல் போகக்கூடாது. அது மூக்கை நீட்டி மோந்து பார்க்கும், அங்கேதான் அடி விழணும். முதுகில் பட்டா அந்த மயிருக்கு ஒண்ணும் ஏறாது, முன்னாடி பாய்ஞ்சு வேலியைப் பிச்சுக்கிட்டு உள்ளேதான் வரும்.

காட்டோரம் இருக்கிறவங்க வேலியை வனத்துறையில் பதிவு பண்ணணும், 2023-இல் அதுக்குத் தனி விதி வந்திருக்கு. வேளாண் பொறியியல் துறையில் மானியமும் உண்டு. நாங்க மானியத்துக்குக் காத்திருந்தா கிழங்கு இருக்காதுன்னு சொந்தக் காசில் போட்டோம். நீங்க நேரம் இருந்தா முதலில் அங்கே எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் கம்பி வாங்குங்க.

வேலி போட்ட மூணாம் நாள் ராத்திரி ஒரு வீறிடல் கேட்டுச்சு. காலையில் பார்த்தா வடக்குப் பக்கம் வெளியே குளம்புத் தடம் ஒரு சுத்து சுத்திட்டு ஓடையோடு போயிருந்தது. உள்ளே ஒரு செடி அசையவில்லை. இந்த வருஷம் பத்தாம் மாசம் கிழங்கு பிடுங்கி ஆத்தூர் பக்கம் சவ்வரிசி ஆலைக்கு லாரி ஏத்தினேன். விலை வழக்கம் போலத்தான், அதைப் பத்தி இன்னொரு நாள் தனியா அழுகிறேன்.

வேலைன்னு பார்த்தா, வாரம் ஒரு தடவை கீழ்க் கம்பியில் படுகிற புல்லை அறுக்கணும். ஒரு பார்த்தீனியச் செடி சாய்ஞ்சு கம்பியில் பட்டாலும் பாதி கரண்ட்டு அது வழியா இறங்கிடும். என் வீட்டுக்காரி அதை மாட்டுக்குப் புல்லறுக்கிற கணக்கில் சேர்த்துக்கிட்டா. பார்த்தீனியத்தை மட்டும் தனியா வீசிடுவா. மஞ்சள் போர்டு எழுதி நாலு பக்கமும் மாட்டியிருக்கோம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க குறுக்கு வழியில் வரும்.

மருமகனைத் தேடி இப்ப மூணு ஊரிலிருந்து ஆள் வருது, வேலி போட்டுக் கொடுன்னு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ட்டு வரான். அக்கா பொண்ணு பார்க்க ஆரம்பிச்சிருக்கா.

ஒண்ணு மட்டும் எனக்கு நெருடுது. என் கொல்லையில் அடி வாங்கின பன்னி பட்டினியாப் போகாதே. ஓடைக்கு அந்தப் பக்கம் மணிலா (உங்க ஊர் வேர்க்கடலை) போட்டிருக்கிற என் பங்காளி கொல்லைக்குப் போயிடுச்சு. அவர் நேராக் கேட்கவில்லை. டீக்கடையில் "உனக்கென்னப்பா, கம்பிக்குள்ள இருக்க" என்றார். பத்து வருஷமா வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத ஆள். என் எனர்ஜைசர் இன்னும் அஞ்சு ஏக்கரைத் தாங்கும், கம்பியும் கம்பும் மட்டும் அவர் வாங்கினா இதே பெட்டியில் சேர்த்துடலாம்னு பையன் சொல்றான். சேர்த்தா அந்த வரப்பில் வேலி எந்தப் பக்கம் ஓடும்ங்கிறது ஒரு பிரச்சினை. வர்ற ஞாயித்துக்கிழமை டேப்பை எடுத்துக்கிட்டு மூணு பேரும் போய் அளக்கிறதா இருக்கோம்.